ஐந்து குழாயும் ஓர் ஆட்டீரலும்

ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவள் நான். பள்ளிக்கூடமும் ரியூசனுமாக, நொதியங்கள், அதாவது என்சைம்கள், என்ற பாடத்தை மட்டும் குறைந்தது முப்பது தடவையாவது நடத்தியிருப்பேன். அந்த முப்பது தடவையிலும் ஒரு நொதியம் வேலை செய்வதை நான் கண்ணால் கண்டதில்லை.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்றுதான் அப்போது நினைத்தேன். சண்டைக் காலம். ஆய்வுகூட அலுமாரியில் உடைந்த குடுவைகளும் பல்லி முட்டைகளும்தான் மிச்சம். ஆகவே எங்களுக்கு நொதியம் என்பது கரும்பலகையில் கீறுகிற ஒரு வளைகோடு. அமிலம் கூடினால் கோடு இறங்கும், காரம் கூடினாலும் இறங்கும், நடுவில் ஒரு மலை. மலை உச்சிக்கு நேர் கீழே பீஎச் ஏழு என்று எழுதிவிட்டால் பாடம் முடிந்தது. பிள்ளைகள் அந்த மலையை அப்படியே மனப்பாடம் செய்து ‘ஏ’ எடுத்தார்கள். நல்ல ரீச்சர் என்று ஊரெல்லாம் எனக்குப் பெயர். (இடம் இல்லாமல் ரியூசன் கொட்டிலுக்கு வெளியே நின்று கேட்டவர்களும் உண்டு. சும்மா சொல்லவில்லை.)

அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு கனடாவுக்கு வந்தேன். வந்த இடத்தில் அதை யாரும் கேட்கவில்லை. ஸ்காபரோவில் குடியிருந்துகொண்டு, பிறம்ரனில் ஒரு கிடங்கில் எட்டு வருடம் பெட்டிகளுக்கு லேபல் ஒட்டினேன். விடிய எங்களை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பொழுது சாயக் கொண்டுவந்து விடுவார்கள். பெட்டி ஒட்டுவது கேவலமான வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒட்டுகிற ஒவ்வொரு பெட்டிக்கும் வாய்க்குள் உயிரியல் படிப்பித்துக்கொண்டிருந்தவளுக்கு அது சரிப்பட்டு வரவில்லை. நாற்பது வயதுக்குப் பிறகு, இங்கே ஆசிரியர் சான்றிதழ் எடுப்பதற்காகத் திரும்பவும் மாணவியானேன். அதன் கடைசிக் கட்டம், ஸ்காபரோவிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சிக்காகப் பாடம் எடுப்பது.

அங்கே எனக்கு மேற்பார்வை மிஸிஸ் ஓவன். அந்தப் பள்ளிக்கூடத்தின் உயிரியல் ஆசிரியை. ஒல்லியான, உயரமான, சத்தமே போடாத மனுசி. சத்தம் போடுகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். சத்தம் போடாதவர்களிடம்தான் நான் சரியாக மாட்டிக்கொள்வேன். என்னுடைய முதல் இரண்டு பாடங்களையும் அவர் பின்வரிசையில் இருந்து பார்த்தார். இரண்டாவது பாடம் முடிந்ததும் என்னை இருத்தி, தண்ணீர் தந்து, மெல்லமாகச் சொன்னார். “எழுபத்தைந்து நிமிடமும் நீங்கள்தான் பேசினீர்கள். ஒரு பிள்ளையாவது ஒரு கேள்வியாவது கேட்கவில்லை. மூன்றாவது பாடமும் இப்படியே போனால், மன்னியுங்கள், என்னால் கையெழுத்துப் போட முடியாது.”

அவருடைய கையெழுத்து இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் திரும்பவும் பிறம்ரன், திரும்பவும் லேபல். முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம். பிள்ளைகள் கேள்வி கேட்கவில்லை என்றால் நான் அவ்வளவு விளக்கமாகச் சொல்லியிருக்கிறேன் என்றுதானே அர்த்தம்? இந்த மனுசிக்கு அது விளங்கவில்லையே என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பஸ்ஸுக்குள் புறுபுறுத்துக்கொண்டு வந்தேன். பயம் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வந்தது.

மூன்றாவது பாடமாக எனக்குக் கிடைத்தது, அமிலத்தன்மை நொதியத்தின் வேலையை எப்படி மாற்றுகிறது என்பது. என்னுடைய பழைய மலைதான். ஆனால் இங்கே மலையைக் கீறினால் போதாதாம், பிள்ளைகளே செய்து பார்க்க வேண்டுமாம். செய்முறை லேசு. ஐந்து சோதனைக் குழாய்கள். முதலாவதில் கடும் அமிலம், அடுத்ததில் மெல்லிய அமிலம், நடுவில் இரண்டும் இல்லாத ஏழு, பிறகு மெல்லிய காரம், கடைசியில் கடும் காரம். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஈரலைப் போட்டு, மேலே பெரொக்சைட் ஊற்ற வேண்டும். ஈரலில் இருக்கிற நொதியம் பெரொக்சைட்டை உடைக்க, நுரை பொங்கும். எந்தக் குழாயில் எத்தனை சென்ரிமீற்றர் நுரை என்று அடிமட்டத்தால் அளந்தால், மலை தானாக வரும்.

மிஸிஸ் ஓவன் இரண்டு புத்திமதி சொன்னார். ஒன்று, ஈரல் வேண்டாம், உருளைக்கிழங்கே போதும். இரண்டு, முதல் நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஒரு தடவை செய்து பார்த்துக்கொள்ளுங்கள். நான் இரண்டையும் கேட்கவில்லை. பதினொரு வருட அனுபவத்துக்கு உருளைக்கிழங்கா? (வாய் இருந்த அளவுக்கு மூளை இருக்கவில்லை.) செய்து பார்ப்பதும் எனக்கு வீண்வேலையாகப் பட்டது. விடை தெரிந்த கணக்கை யாராவது போட்டுப் பார்ப்பார்களா? அதற்குப் பதிலாக ஒரு பெரிய தாளில் அந்த மலையை நான்கு நிறத்தில் கீறிச் சுருட்டி வைத்தேன். பாடத்தின் கடைசியில் விரித்துக் காட்டுவதற்காம். பிள்ளைகள் கண்டுபிடிப்பதற்கு முதலே நான் விடையைக் கீறி ரப்பர் பாண்டும் போட்டுவிட்டேன்.

பாடத்துக்கு முதல் நாள், எங்கள் ஆட்களின் இறைச்சிக் கடையில் ஆட்டீரல் வாங்கினேன். சின்னச் சின்னத் துண்டாக வெட்டச் சொல்லி, ஒரு பெரிய துண்டை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக அப்படியே விடச் சொன்னேன். கொண்டுவந்து பிரிட்ஜின் கீழ்த்தட்டில் பையோடு வைத்தேன். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று ஆங்கிலத்தில் பாடம் சொல்லிப் பார்த்தேன். இடைக்கிடை ஒரு புன்னகை. புன்னகைக்க வேண்டிய இடங்களைக் குறிப்பிலேயே எழுதி வைத்திருந்தேன்.

இந்த இடத்தில் என் கணவர் தவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விட்பியில் கார் உதிரிப்பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் காலை வேலை. நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார். எங்கள் வீட்டில் மரக்கறிப் பக்கம் நான், இறைச்சிப் பக்கம் அவர். அதில் நான் தலையிட்டால் அவருக்குப் பிடிக்காது. அன்றைக்கு நான் குளியலறைக்குள் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது அவர் பிரிட்ஜைத் திறந்திருக்கிறார். ஈரல் யாருக்கு, எதற்கு என்று அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் பார்த்தால், பையைக் காணோம். அதே தட்டில் ஓர் ஐஸ்கிறீம் பெட்டி, மேலே அவருடைய கையெழுத்தில் ‘ஈரல்’ என்று ஒரு துண்டுத் தாள். அவர் அதற்குள் வேலைக்குப் போய்விட்டார். பாவம் மனுசன், நான் கொண்டுபோக வசதியாக எடுத்து வைத்திருக்கிறார் என்று எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. திறந்துகூடப் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள், எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. பின்வரிசையில் மிஸிஸ் ஓவன், மடியில் கிளிப்போட். குறிப்பில் இருந்த முதல் புன்னகையைப் புன்னகைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஈரல் மஞ்சளாக இருந்தது. பார்த்த உடனேயே விளங்கிவிட்டது, மஞ்சள் தூள். எங்கள் வீடுகளில் இறைச்சி என்று ஒன்று வாசலைத் தாண்டி வந்தால், கழுவி மஞ்சள் போடாமல் அது பிரிட்ஜுக்குள் போகாது. தவம் தன் கடமையைச் செய்துவிட்டார். சரி, மஞ்சள்தானே, அது என்ன செய்யப்போகிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, தண்ணீர்க் குழாயடியில் இரண்டு தரம் அலசி, மேசை மேசையாகப் பங்கு வைத்தேன்.

பெரொக்சைட்டை ஊற்றச் சொன்னேன். “இப்போது நுரை பொங்கும், கவனமாகப் பாருங்கள்” என்று கையை உயர்த்தி அறிவித்தேன். (வகுப்பில் பேசியது ஆங்கிலம். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். என்னுடைய அன்றைய ஆங்கிலத்தைவிட இது நல்லாயிருக்கும்.)

ஒன்றும் பொங்கவில்லை. நடுக் குழாயில் ஒரு குமிழி வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, அதுவும் வேண்டாவெறுப்பாக. கை இன்னும் உயர்ந்தபடியே நின்றது. மெல்ல இறக்கினேன். முன்மேசைப் பெடியன் ஒருவன் அடிமட்டத்தைக் குழாயோடு பிடித்து, ஐந்துக்கும் சீரோ என்றான். வடிவாகப் பார் என்றேன். வடிவாகப் பார்த்துவிட்டு, வடிவான சீரோ என்றான். மேசை மேசையாக ஓடினேன். எல்லா மேசையிலும் அதே ஐந்து சீரோக்கள்.

அப்போதுதான் கடைசிக் குழாய், கடும் காரம் இருந்த குழாய், சிவக்கத் தொடங்கியது. இளஞ்சிவப்பு இல்லை, நல்ல இரத்தச் சிவப்பு. ஒரு பிள்ளை ‘பிளட்’ என்று கத்த, பின்னால் இரண்டு பேர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்கள். மிஸிஸ் ஓவனும் எழும்பினார். எனக்குக் காரணம் தெரியாது. தெரியாது என்று சொல்ல வராது, பதினொரு வருடப் பழக்கம். ஆகவே நிமிர்ந்து நின்று, கடும் காரத்தில் ஈரல் கலங்கள் வெடித்து உள்ளே இருக்கிற இரத்தம் வெளியே வருகிறது என்று விளக்கினேன். விளக்கியதோடு விட்டேனா? பலகையிலும் எழுதி, கீழே கோடும் போட்டேன். இருபத்தாறு பேரும் அதைப் பார்த்து எழுதினார்கள். மிஸிஸ் ஓவனும் ஏதோ எழுதினார்.

(மஞ்சள் கறையில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும் என்பது எனக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்து தெரியும். எத்தனை சட்டையில் பார்த்திருக்கிறேன். ஆனால் அது வீட்டில் தெரிந்தது. வகுப்புக்குள் வரும்போது அதையெல்லாம் சப்பாத்தைப்போல வெளியே கழற்றி வைத்துவிட்டு வருகிறவள் நான்.)

யன்னலோர மேசையில் லக்‌ஷி என்று ஒரு பிள்ளை இருந்தாள். தமிழ்ப் பிள்ளை, இங்கே பிறந்தவள். நான் அங்கே போன மூன்று கிழமையில் அவள் வாய் திறந்து நான் கண்டதில்லை. அவள் எழும்பி வந்து, வெறும் ஐஸ்கிறீம் பெட்டிக்கு மேலே குனிந்து மணந்து பார்த்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரித் தமிழில் சொன்னாள். “மிஸ், உது தேசிக்காய் மணம். எங்கடை அம்மாவும் லிவரை உப்பிடித்தான் வோஷ் பண்ணுறவா.”

தேசிக்காய், எலுமிச்சை! மஞ்சளும் உப்பும் மட்டுமா, தேசிக்காய்ப் புளியும்தானே விடுவார் அந்த மனுசன்! எங்கள் முதற் குழாயில் இருந்த கடும் அமிலத்துக்குச் சற்றும் குறையாத அமிலம் அது. அதாவது, அமிலம் நொதியத்தை என்ன செய்யும் என்று நான் படிப்பிக்க வந்த பாடத்தை, முதல் நாள் பின்னேரமே என் கணவர் குசினியில் நடத்தி முடித்துவிட்டார். இங்கே நாங்கள் ஐந்து குழாயிலும் போட்டது செத்த நொதியம்.

மிஸிஸ் ஓவன் முன்னுக்கு வந்து, அந்தப் பிள்ளை என்ன சொன்னாள் என்று என்னிடம் கேட்டார். ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. வெளியே போய்வரக் கேட்கிறாள் என்று சொல்லலாம். ஈரல் பழசாகிவிட்டது என்று கடைக்காரர்மேல் பழியைப் போடலாம். அங்கே தமிழ் தெரிந்தது எங்கள் இருவருக்கும்தான். ஆனால் லக்‌ஷி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று கிழமையில் அவள் பேசிய முதல் பேச்சு. அதைப் பொய்யாக்க எனக்கு மனம் வரவில்லை.

சொல்லிவிட்டேன். என் கணவர் இதைக் கறிக்கு என்று நினைத்து, மஞ்சளும் உப்பும் தேசிக்காயும் போட்டுக் கழுவிவிட்டார் என்றேன். சிவந்தது இரத்தம் இல்லை, மஞ்சள் என்றேன். பலகையில் நான் எழுதியது பிழை, வெட்டிவிடுங்கள் என்றேன். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், மேசையில் இருந்த குழாய்களெல்லாம் கிலுகிலுத்தன. என் கதை முடிந்தது என்று நினைத்தேன். கண் நிறைந்துவிட்டது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும், சீரோ சொன்ன பெடியன் கையை உயர்த்தினான். எத்தனை தேசிக்காய்? இன்னொருத்தி, எத்தனை மணித்தியாலம் ஊறியது என்றாள். தெரியாது என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வகுப்புக்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னேன், கூரை இடிந்து விழவில்லை. அப்படியென்றால் அவரையே கேட்கலாமே என்றான் பெடியன். நான் மிஸிஸ் ஓவனைப் பார்த்தேன். அவர் சரி என்று தலையை ஆட்டினார்.

நல்ல காலம், தவத்துக்கு அது தேத்தண்ணி இடைவேளை. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

“இஞ்சேருங்கோ, அந்த ஈரலுக்கு எத்தினை தேசிக்காய் விட்டனீங்கள்?”

“ஆறு. நாலரை மணிபோலை கழுவி வைச்சனான். நீர் சோதனையெண்டு விழுந்தடிச்சுத் திரிஞ்சீர், பாவமெண்டு நானே செய்தனான். ஏன், புளிப்புக் கூடிப்போச்சோ?”

லக்‌ஷி ஒவ்வொரு வசனத்தையும் ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல, வகுப்பு எழுதியது. ஆறு தேசிக்காய். பதினேழு மணித்தியாலம். ஒரு பிள்ளை பெட்டியின் அடியில் மிச்சமிருந்த தண்ணீரில் பீஎச் தாளை நனைத்து, மூன்றுக்கும் கீழே என்று கத்தினாள். போனுக்குள் கேட்ட இரைச்சலில் தவம் குழம்பிப்போய், பள்ளிக்கூடத்திலேயே சமைக்கிறீர்களா, அப்படியென்றால் மிளகு கொஞ்சம் கூடப் போடும் என்று சொல்லிவிட்டு வைத்தார். லக்‌ஷி அதையும் விடாமல் மொழிபெயர்த்தாள்.

அதற்குப் பிறகு என்னால் வகுப்பைப் பிடிக்க முடியவில்லை. நடுக் குழாயில் அமிலம் இல்லையே, அங்கே போட்ட பிறகாவது நொதியம் ஏன் எழும்பவில்லை? அமிலத்தில் ஒரு தடவை உருக்குலைந்தால் திரும்பி வராதா? குறைவாக ஊறியிருந்தால்? ஒரு தேசிக்காய் மட்டும் விட்டிருந்தால்? நான் ஒரு கேள்விக்கு வாய் திறப்பதற்குள் அடுத்த மேசை அதற்குப் பதில் சொல்லிச் சண்டை பிடித்தது. அந்தச் சந்தைக்குள் லக்‌ஷி, காட்டுவதற்காக வைத்திருந்த பெரிய துண்டைக் கையில் எடுத்தாள். நடுவுக்குள் தேசிக்காய் போயிருக்காதே மிஸ் என்றாள், இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில்.

வெட்டினோம். வெளிப்பக்கம் அவித்ததுபோல வெளுத்த மஞ்சள். நடுவில் கருஞ்சிவப்பு, கடையில் கண்ட அதே நிறம். அந்த நடுவிலிருந்து ஒரு துண்டை அவளே புதுக் குழாயில் போட்டு, நடுக் குழாய்க் கரைசலை ஊற்றி, மேலே பெரொக்சைட்டையும் ஊற்றினாள்.

பொங்கியது. குழாயின் கழுத்துக்கு வந்து, விளிம்பைத் தாண்டி, மேசையில் வழிந்து, நன்றாகப் பார்ப்பதற்காக மிக அருகில் வந்து நின்ற மிஸிஸ் ஓவனின் கிளிப்போட்டை நனைத்தது. யாரோ பெருங்குரலில் கத்தினார்கள். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தியது நான்தான். முப்பது தடவை கீறிய மலையை, நாற்பத்துமூன்று வயதில் அன்றைக்குத்தான் உயிரோடு கண்டேன். சந்தோசம் என்றால் அப்படியொரு சந்தோசம்.

மணி அடித்தும் ஏழெட்டுப் பேர் போகவில்லை. சுருட்டி வைத்த தாள் சுருட்டினபடியே கிடந்தது. மிஸிஸ் ஓவன் கிளிப்போட்டைத் துடைத்துக்கொண்டு, “கேள்விகளை எண்ணத் தொடங்கினேன், பாதியில் எண்ணிக்கை தவறிவிட்டது” என்றார். பிறகு ஈரத் தாளிலேயே கையெழுத்துப் போட்டார். கீழே ஒரு குறிப்பும் எழுதினார்: இனிமேல் முதல் நாளே செய்து பார்க்கவும், கணவருக்குத் தகவல் சொல்லவும்.

இதெல்லாம் நடந்து ஏழு வருடம். இப்போது ஸ்காபரோவிலேயே எனக்கென்று ஒரு வகுப்பு இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடத்துக்கு ஈரல் இரண்டு பங்காகப் போகிறது, ஒன்று பச்சையாக, மற்றது தவத்தின் கைப்பக்குவத்தில். வீட்டுக்குள் இறைச்சிப் பை எது வந்தாலும், இது சட்டிக்கோ குழாய்க்கோ என்று கேட்காமல் அவர் கத்தியைத் தொடுவதில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் பிற்சாப் பெட்டி வந்தால்கூடக் கதவைத் திறந்து அதையே கேட்கிறார்கள்.

ஆனால் பிறந்தநாள் வீடு, கலியாண வீடு என்று எங்கே போனாலும் அவர் சொல்கிற கதை வேறு. சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு பேர் கூடினதும் தொடங்கிவிடுவார். “நான் அண்டைக்குத் தேசிக்காய் விட்டிருக்காட்டி, இவ இண்டைக்கும் பிறம்ரனிலை லேபல்தான் ஒட்டிக்கொண்டிருப்பா.” எல்லோரும் சிரித்துவிட்டு, நான் சண்டைக்கு வருவேன் என்று என்னைப் பார்ப்பார்கள்.

முதலில் சண்டைக்குப் போனேன்தான். பிறகு ஒருநாள் ஆறுதலாக இருந்து யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு அந்த ஈரல் கழுவாமல் வந்திருந்தால் நுரை சொன்ன நேரத்துக்குப் பொங்கியிருக்கும். நான் தாளை விரித்திருப்பேன். குறித்த இடங்களில் புன்னகைத்து, எழுபத்தைந்து நிமிடமும் நானே பேசியிருப்பேன். லக்‌ஷி வாய் திறந்திருக்க மாட்டாள். மிஸிஸ் ஓவன் தண்ணீர் தந்து, மன்னியுங்கள் என்றிருப்பார். இப்போதெல்லாம் தவம் கதையைத் தொடங்கினால், நான் பேசாமல் என் சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிறேன்.